வலி நின்ற பல்

கடைவாய்ப்பல் ஒன்று நான்கு நாளாக உயிரை வாங்குகிறது. படுத்தால் வலி கூடுகிறது. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே விடிய வேண்டியிருக்கிறது. மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய மாத்திரைகளைப் போட்டதும் கொஞ்சம் அடங்குகிறது. ஐந்தாம் நாள் காலையில் வலி சுத்தமாக இல்லை. "மாத்திரை நல்லா கேட்டுச்சு" என்று மிச்சத்தைப் பெட்டியில் எடுத்து வைக்கிறார்கள். பல் டாக்டரிடம் போகும் பேச்சும் அன்றோடு முடிந்துவிடுகிறது.

பெரும்பாலும் பல்லின் உயிர் போகிற நாள் அதுதான். வலியைத் தெரிவித்துக்கொண்டிருந்த நரம்பு செத்துவிட்டதால் வலி இல்லை. பல்லுக்குள் கிருமிகள் முன்னைவிடத் தாராளமாகப் பெருகுகின்றன. சில வாரமோ சில மாதமோ கழித்து வேர் நுனியில் சீழ் கட்டி முகம் வீங்கும்போதுதான் அந்தப் பல் மறுபடி நினைவுக்கு வருகிறது. சில ஆயிரம் ரூபாயில் காப்பாற்றியிருக்கக்கூடிய பல்லை அப்போது எடுக்க வேண்டி வரலாம். இந்த அத்தியாயத்தில் நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது இதுதான்: வலியை வைத்துப் பல்லின் நிலையைக் கணக்குப் போடாதீர்கள். சொத்தையின் தொடக்கத்தில் வலி இருக்காது. ஈறு நோயில் கடைசிவரைகூட வலி இல்லாமல் போகலாம். வாய்ப் புற்றிலும் ஆரம்பத்தில் வலி இல்லை.

சொத்தை உள்ளே போகும் வழி

பல்லின் மேலுறையான எனாமல் நம் உடம்பிலேயே மிகக் கடினமான பொருள். ஆனால் அதில் உயிருள்ள செல் கிடையாது. உடைந்தால் எலும்பைப் போலத் தானாகக் கூடாது. பல்மேல் படியும் வழவழப்பான படலத்தில் உள்ள பாக்டீரியாக்கள் நாம் தின்னும் சர்க்கரையையும் மாவுப் பண்டத்தையும் தின்று அமிலத்தை வெளிவிடுகின்றன. பல்லின் மேற்பரப்பில் அமிலநிலை பிஎச் 5.5-க்குக் கீழே இறங்கினால் எனாமலிலிருந்து கால்சியமும் பாஸ்பேட்டும் கரையத் தொடங்கும். இனிப்பு வாயில் பட்ட சில நிமிடங்களிலேயே இது நடந்துவிடும். பழைய நிலைக்குத் திரும்ப அரைமணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். அந்த இடைவெளியில் உமிழ்நீர் அமிலத்தைத் தணித்து, கரைந்ததில் ஒரு பகுதியைத் திரும்பப் படிய வைக்கிறது.

ஆகவே எவ்வளவு இனிப்பு தின்கிறோம் என்பதைவிட எத்தனை தடவை தின்கிறோம் என்பது பல்லுக்கு முக்கியம். ஸ்வீடனில் விபெஹோல்ம் என்ற மனநலக் காப்பகத்தில் 1940-களில் நடந்த ஆய்வு இதைக் காட்டியது. சாப்பாட்டோடு இனிப்பு பெற்றவர்களைவிட, சாப்பாட்டு வேளைகளுக்கு நடுவே பல்லில் ஒட்டும் டாஃபி தின்றவர்களுக்குச் சொத்தை பல மடங்கு ஏறியது. தங்களுக்கு என்ன செய்யப்படுகிறது என்று சொல்லக்கூட முடியாத நோயாளிகளின் பற்களைக் கெடுத்துப் பெற்ற அறிவு அது, நடந்தது அநியாயம். அந்த விலை கொடுத்துக் கிடைத்த பாடத்தையாவது நாம் வீணாக்கக் கூடாது. ஒரு லட்டை மத்தியானச் சாப்பாட்டோடு தின்றுவிட்டு வாய் கொப்பளிப்பவரின் பல்லுக்கு வரும் கேட்டைவிட, காலை முதல் இரவு வரை சர்க்கரை போட்ட டீயையும் பிஸ்கட்டையும் ஐந்தாறு தடவை எடுப்பவருக்கு வரும் கேடு அதிகம். உமிழ்நீருக்கு வேலை செய்ய நேரமே கிடைப்பதில்லை.

முதல் அடையாளம் கறுப்பு நிறம் அல்ல. பல்லைத் துடைத்து உலர்த்திப் பார்த்தால் ஈறை ஒட்டிச் சுண்ணாம்பு பூசியதுபோல வெள்ளைத் திட்டு தெரியும். அந்தக் கட்டத்தில் ஓட்டை விழவில்லை. ஃப்ளோரைடு பேஸ்ட், டாக்டர் பூசும் ஃப்ளோரைடு வார்னிஷ், தின்பண்டப் பழக்கத்தில் மாற்றம் ஆகியவற்றால் அதை நிறுத்த முடியும், பல நேரம் திருப்பவும் முடியும். ஓட்டை விழுந்துவிட்டால் அடைக்க வேண்டியதுதான். எனாமலுக்கு அடியில் இருக்கும் டென்டின் அதைவிட மென்மையானது என்பதால், சொத்தை உள்ளே போனதும் பக்கவாட்டில் பரவுகிறது. கரையான் அரித்த கதவு மாதிரி, வெளியே ஊசிமுனை அளவு துளை இருக்கும். உள்ளே பாதிப் பல் போயிருக்கும். "சின்ன ஓட்டைதானே, டாக்டர் பெருசா குடைஞ்சிட்டார்" என்ற மனக்குறை பலருக்கு உண்டு. அவர் குடைந்து எடுத்தது ஏற்கெனவே அழுகிய பகுதியை.

இப்போது வலியைக் கவனியுங்கள். குளிர்ந்த தண்ணீர் பட்டதும் சுரீரென்று வந்து, தண்ணீரை விழுங்கியதும் நின்றுவிட்டால் உள்ளிருக்கும் நரம்புள்ள பற்கூழ் இன்னும் உயிரோடு, மீளக்கூடிய நிலையில் இருக்கிறது. சிமெண்ட் வைத்து அடைத்தாலே போதும் என்ற வாய்ப்பு அதிகம். குளிர்ச்சி போன பிறகும் வலி அரை நிமிடம், ஒரு நிமிடம் என்று நீடித்தால், அல்லது எதுவும் படாமலேயே ராத்திரி எழுப்பிவிட்டால், பற்கூழ் மீள முடியாத அளவுக்கு அழற்சியடைந்திருக்கிறது. பல் என்ற கெட்டியான கூட்டுக்குள் வீங்குவதற்கு இடமில்லை. அதனால்தான் அந்த வலி அவ்வளவு கொடுமை. அடுத்த கட்டத்தில் வலி போய்விடும். ஈறில் மிளகு அளவு பரு ஒன்று வந்து, உடைந்து, உப்புக் கரிக்கிற மாதிரி ஏதோ கசிந்து, மறுபடி வரும். சீழுக்கு வடிகால் கிடைத்துவிட்டதால் வலி தெரியாது. இப்படி ஒரு பருவை வருடக்கணக்கில் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள்.

டாக்டரைப் பார்க்கும் வரை

ஒரு தம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்புப் போட்டுக் கொப்பளிக்கலாம். தலையணையை உயர்த்திப் படுத்தால் இரவு வலி சற்றுக் குறையும். ஒத்துக்கொள்பவர்கள் பாரசிட்டமால் போடலாம்; அட்டையில் உள்ள அளவைத் தாண்ட வேண்டாம். இபுப்ரோஃபென் பல் வலிக்கு நன்றாகவே கேட்கும், ஆனால் வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் அதைத் தொடக் கூடாது. டெங்கு சந்தேகம் இருக்கும் காய்ச்சல் காலத்திலும் வேண்டாம். கிராம்பு எண்ணெயில் உள்ள யூஜெனால் மரத்துப்போகச் செய்யும் என்பது உண்மை. பஞ்சில் ஒரு துளி தொட்டு ஓட்டைக்குள் மட்டும் வைக்க வேண்டும். ஈறில் பட்டால் வெந்துவிடும். ஆஸ்பிரின் மாத்திரையை நசுக்கிப் பல்லோரம் அடக்கி வைத்து, கன்னத்துத் தோல் வெள்ளையாக உரிந்து வருபவர்களும் உண்டு. வலிக்குப் புகையிலையை அடக்குவது இன்னும் மோசம். அப்படித் தொடங்கி, பல் போன பிறகும் புகையிலை விடாமல் ஒட்டிக்கொண்ட பாட்டிமார்கள் நம் ஊர்களில் எத்தனை பேர்! காதில் புகை காட்டிப் பல்லிலிருந்து பூச்சி எடுத்துக் காட்டுபவர்களிடம் போக வேண்டாம். பல்லில் பூச்சி இல்லை.

ஆன்டிபயாடிக் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். செத்துக்கொண்டிருக்கும் பற்கூழுக்குள் ரத்த ஓட்டம் சரியாக இல்லை. ரத்தத்தில் வரும் மருந்து அங்கே போய்ச் சேராது. வெறும் பல் வலிக்கு அமாக்ஸிசிலின் வாங்கிப் போடுவதால் பல் குணமாவதில்லை. வீக்கமும் காய்ச்சலும் இருந்தால் டாக்டரே எழுதுவார். அப்போதும் அது துணை மருந்துதான், சிகிச்சை பல்லில்தான் நடக்க வேண்டும்.

வீங்கிய கன்னத்துக்கு வெளியே சூடான ஒத்தடம் கொடுக்காதீர்கள். தாடைக்கு அடியிலோ நாக்குக்கு அடியிலோ வீக்கம் பரவுதல், வாய் திறக்க முடியாமை, எச்சில் விழுங்கக் கஷ்டம், குரல் மாறுதல், கண் மூடும் அளவுக்கு வீக்கம், குளிர்காய்ச்சல் — இவற்றில் ஒன்று இருந்தாலும் நாளைக்குப் பார்க்கலாம் என்று படுக்கக் கூடாது. நள்ளிரவானாலும் பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். பல்லில் தொடங்கிய சீழ் மூச்சுக்குழாயை அடைத்து உயிரை எடுப்பது இன்றும் நடக்கிறது.

வேர் சிகிச்சையும் பல் எடுப்பதும்

ரூட் கெனால் என்றாலே பயப்படுகிறார்கள். வலி உண்மையில் அதற்கு முந்தைய இரவுகளில்தான் அதிகம். முதலில் மரத்துப்போக ஊசி. பிறகு அந்தப் பல்லை மட்டும் வெளியே தெரியவிட்டு, வாயை ஒரு ரப்பர் தாளால் மறைப்பார்கள்; எச்சிலும் மருந்தும் இருபக்கமும் போகாமல் தடுப்பதற்காக. மேலிருந்து சின்ன வழி திறந்து, முடி போன்ற மெல்லிய அரங்களால் வேர்க்கால்வாய்களைச் சுரண்டி, கிருமிநாசினியால் கழுவுவார்கள். கடைவாய்ப்பல்லில் பொதுவாக மூன்று நான்கு கால்வாய்கள் இருக்கும். ஒன்றைத் தவறவிட்டாலும் தொல்லை திரும்பும், அதனால்தான் இடையிடையே எக்ஸ்ரே. சுத்தமானதும் கட்டாபெர்ச்சா என்ற ரப்பர் போன்ற பொருளால் நிரப்புவார்கள். ஒரே அமர்விலும் முடியலாம், இரண்டு மூன்றும் ஆகலாம். இரண்டு நாள் கடிக்கும்போது லேசான வலி இருப்பது சகஜம்.

இங்கேதான் நிறையப் பேர் தவறவிடுகிறார்கள். வேர் சிகிச்சை முடிந்து வலி போனதும், பல்லை மூடும் உறையான கேப் போடச் சொன்ன தேதியில் வருவதில்லை. ஏற்கெனவே பாதிக்கு மேல் குடையப்பட்ட கடைவாய்ப்பல் அது. முறுக்கோ எலும்போ கடிக்கும்போது நெடுக்காகப் பிளந்தால் பிறகு எடுப்பது தவிர வழியில்லை, கட்டிய பணமும் போயிற்று. ஆகவே தொடங்கும் முன்பே கேப்பையும் சேர்த்து மொத்தம் எவ்வளவு ஆகும் என்று கேட்டுவிடுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம். முடியாது என்றால் அதையும் சொல்லுங்கள். சென்னையில் 1953 முதல் அரசு பல் மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் பல் பிரிவு உண்டு. தனியார் பல் மருத்துவக் கல்லூரிகளிலும் வெளியே ஆவதைவிடக் குறைந்த கட்டணத்தில் பார்ப்பார்கள். நேரம் கூட ஆகும், ஆனால் வேலை நடக்கும்.

எடுக்கத்தான் வேண்டும் என்றால் எடுத்துவிடலாம். மேல்வரிசைப் பல்லை எடுத்தால் கண் பார்வை போகும் என்ற பயம் இன்னும் இருக்கிறது. பல்லின் உணர்ச்சிக்கு ஒரு நரம்பு, பார்வைக்கு முற்றிலும் வேறொரு நரம்பு. இதைத் தொட்டால் அது கெடாது. நாற்காலியில் உட்காரும் முன் சொல்ல வேண்டியவை உண்டு: சர்க்கரை, ரத்த அழுத்தம், இதய வால்வு அறுவை, கர்ப்பம், எலும்புத் தேய்மானத்துக்குப் போடும் ஊசி மாத்திரைகள், எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாமை. ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரைகளை நீங்களாக நிறுத்திவிட்டு வராதீர்கள். பல்லில் கசியும் ரத்தத்தை நிறுத்த வழி இருக்கிறது. நின்றுபோன மாத்திரையால் மாரடைப்பு வந்தால் விலை பெரிது.

எடுத்தபின் வைத்த பஞ்சை முக்கால் மணி நேரம் இறுக்கிக் கடித்திருங்கள். அடிக்கடி எடுத்துப் பார்ப்பதும் துப்புவதும் வேண்டாம், எச்சிலை விழுங்குங்கள். குழியில் உறையும் ரத்தக்கட்டிதான் மருந்து. அன்று முழுக்கக் கொப்பளிக்கவோ, ஸ்ட்ரா போட்டு உறிஞ்சவோ, புகைபிடிக்கவோ கூடாது. ஆறிய கஞ்சி, தயிர்சாதம் போதும். மறுநாளிலிருந்து உப்புத் தண்ணீர். குறைந்துவந்த வலி மூன்றாம் நாள் காதுவரை ஏறினால் ரத்தக்கட்டி கழன்றிருக்கிறது என்று பொருள். திரும்பப் போய்க் காட்டினால் மருந்து வைத்துவிடுவார்கள்.

ஆறு வயதில் வரும் பல்

பெற்றோர் ஒரு விஷயத்தை மனதில் குறித்துக்கொள்ள வேண்டும். குழந்தைக்கு ஆறு வயது நடக்கும்போது, எந்தப் பால் பல்லும் விழாமலேயே, வரிசையின் கடைசியில் மேலும் கீழுமாக நான்கு புதிய கடைவாய்ப்பற்கள் முளைக்கும். விழாத இடத்தில் வந்ததால் அவையும் பால் பல் என்று நினைத்து, "எப்படியும் விழுந்து முளைக்கும்" என்று சொத்தையை விட்டுவிடுகிறார்கள். அவை விழாது. அறுபது எழுபது வயதுவரை மெல்ல வேண்டிய பற்கள் அவைதான். எடுக்க வேண்டி வரும் பற்களில் அவை முன்னணியில் இருப்பதற்கு இந்த அலட்சியம் ஒரு காரணம். முளைத்ததும் அவற்றின் மேற்பரப்புக் குழிகளை ஸீலன்ட் என்ற பூச்சால் மூடலாம். வலிக்காது, ஊசி இல்லை.

பால் பல்லையும் விழப்போவதுதானே என்று விடுவது சரியில்லை. பின்பக்கப் பால் பற்கள் பத்துப் பன்னிரண்டு வயதுவரை இருக்க வேண்டியவை. முன்னாலேயே போனால் பக்கத்துப் பல் சாய்ந்து இடத்தை அடைத்துக்கொள்ளும். பிறகு கிளிப் போட அலைய வேண்டும். பாட்டிலில் இனிப்புப் பாலோடு தூங்கவைக்கப்படும் குழந்தைகளுக்கு மேல் முன்பற்கள் நான்கும் பழுப்பாகிக் கரைந்து போகும். கீழ் முன்பற்களை நாக்கும் உமிழ்நீரும் காப்பதால் அவை நன்றாக இருக்கும். மேலே மட்டும் கெட்டிருந்தால் காரணம் கிட்டத்தட்ட நிச்சயம் அந்தப் பாட்டில்.

மூன்று வயதுக்குள் அரிசி அளவு, ஆறு வயதுவரை பட்டாணி அளவு பேஸ்ட் போதும். விளம்பரத்தில் வருவதுபோல பிரஷ் நீளத்துக்குப் பிதுக்க வேண்டாம். ஏழு எட்டு வயதுவரை பெற்றோர்தான் தேய்த்துவிட வேண்டும். அந்த வயதுக்கு முன் கை சரியாகத் திரும்பாது. பெட்டியில் ஃப்ளோரைடு அளவு 1000 பிபிஎம் அளவில் இருக்கிறதா என்று பாருங்கள்; மூலிகை பேஸ்ட்டுகள் பலவற்றில் ஃப்ளோரைடே இல்லை. ஆனால் தர்மபுரி, கிருஷ்ணகிரி போன்ற மாவட்டங்களில் ஆழ்துளைக் கிணற்று நீரிலேயே ஃப்ளோரைடு மிகுந்து, பல்லில் பழுப்புக் கறை விழுவது பழைய துயரம். குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. 2013-இல் தொடங்கிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் காவிரித் தண்ணீரைக் கொண்டுவந்ததே இதற்காகத்தான். பல் உருவாகும் எட்டு வயதுக்குள் குடிக்கும் தண்ணீர்தான் கறையை முடிவு செய்கிறது. ஆகவே அங்கே குழந்தைக்குக் குடிக்கவும் சமைக்கவும் குழாயில் வரும் ஆற்று நீரையே கொடுங்கள்.

ஈறில் ரத்தம்

பல் தேய்க்கும்போது ரத்தம் வருகிறது என்று பிரஷை நிறுத்திவிட்டு விரலால் தேய்ப்பவர்கள் நிறைய. வேண்டியது இதற்கு நேர்மாறு. ஈறோரம் அழுக்குப் படலம் தங்கியதால்தான் ரத்தம் வருகிறது. மென்மையான பிரஷால் ஈறும் பல்லும் சேரும் கோட்டில் தொடர்ந்து தேய்த்தால் இரண்டு வாரத்தில் பெரும்பாலும் நின்றுவிடும். படலம் கெட்டிப்பட்டுக் காரையாகிவிட்டால் பிரஷுக்கு வராது. க்ளீனிங் செய்ய வேண்டும். செங்கல் பொடி, சாம்பல், உப்பு, கரி இவற்றால் அழுத்தித் தேய்த்தால் பல் வெளுத்த மாதிரி தெரியும். எனாமல் தேய்ந்து பல்லின் கழுத்தில் பள்ளம் விழுந்து, பிறகு மோர் குடித்தாலும் கூசும். ஊக்கால் பல் குத்துவது ஈறைக் கிழிக்கும்.

க்ளீனிங் செய்தால் பல் ஆடும் என்கிறார்கள். ஈறு நோய் முற்றியவர்களுக்குப் பல்லைத் தாங்கும் எலும்பு ஏற்கெனவே கரைந்திருக்கும். ஆடும் பற்களைக் காரைதான் ஒட்டிப் பிடித்திருக்கும். அதை எடுத்ததும் உள்ளபடியே இருந்த ஆட்டம் வெளியே தெரிகிறது. காரையை அப்படியே விட்டிருந்தால் எலும்பு இன்னும் போயிருக்கும். கரைந்த எலும்பு தானாக வளராது, மிச்சத்தைக் காக்கலாம்.

சர்க்கரை நோயாளிகள் இந்தப் பகுதியை இரண்டு தடவை படியுங்கள். சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் ஈறு வேகமாகக் கெடும். கெட்ட ஈறு சர்க்கரையை ஏற்றும். ஈறுக்கு வைத்தியம் செய்தால் மூன்று மாத சர்க்கரை அளவும் ஓரளவு இறங்குவது ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. கால் புண்ணுக்குக் கொடுக்கும் கவனத்தை ஈறுக்கும் கொடுக்க வேண்டும்.

ஆறாத புண்

வாய்ப்புண் வந்தால் மணத்தக்காளிக் கீரை வைத்துக் கொடுக்கிறோம். சாதாரணப் புண் பத்து நாளில் தானாக ஆறும். அடிக்கடி வந்தால் இரும்புச்சத்தும் பி12-உம் பார்க்க வேண்டும். உடைந்த பல்லின் கூரான முனை நாக்கை உரசினால் அதை மழுக்கிவிட வேண்டும். இரண்டு வாரம் தாண்டியும் ஆறாத புண்ணுக்கு வீட்டு வைத்தியம் முடிந்தது. காட்டியே ஆக வேண்டும். வலிக்கவில்லை என்பது ஆறுதல் அல்ல.

புகையிலை சேர்க்காத வெறும் பாக்கும் புற்றுநோய்க் காரணி என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-இல் வெளியிட்ட அறிக்கையில் வகைப்படுத்தியது. பாக்கு மெல்பவர்களுக்குக் காரம் பட்டால் எரிச்சல், பிறகு கன்னத்தில் நார் கட்டி வாய் திறக்க முடியாமை என்று கேடு தொடங்கும். உங்கள் சொந்த விரல் மூன்றைச் செங்குத்தாக அடுக்கி வாய்க்குள் வைத்துப் பாருங்கள். நுழையவில்லையென்றால் பாக்கை இன்றே நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். மாதம் ஒருமுறை கைபேசி விளக்கைக் கண்ணாடி முன் பிடித்து, உதட்டின் உட்புறம், இரு கன்னம், நாக்கின் இரு ஓரம், நாக்கின் அடிப்பகுதி என்று பார்க்கலாம். தேடவேண்டியது வழித்தாலும் போகாத வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, தடிப்பு. திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996-இல் தொடங்கிய ஆய்வில், பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய் இப்படிக் கண்ணால் பார்த்ததாலேயே, புகையிலை அல்லது மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப் புற்று மரணம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. பெரிய கருவி எதுவும் இல்லை.

விழுந்த பல்

சைக்கிளிலிருந்து விழுந்தோ கிரிக்கெட் பந்து பட்டோ முன்பல் வேரோடு கழன்று வந்துவிட்டால், நேரம்தான் வைத்தியம். தேடி எடுங்கள். வெள்ளைப் பகுதியை மட்டும் பிடிக்க வேண்டும். வேரைத் தொடவோ துடைக்கவோ தேய்க்கவோ கூடாது, அதில் ஒட்டியிருக்கும் செல்கள் உயிரோடு இருந்தால்தான் பல் மறுபடி பிடிக்கும். மண் இருந்தால் பாலில் முக்கி அலசலாம், இல்லையேல் சில நொடி குழாயில் காட்டினால் போதும். முடிந்தால் அப்போதே குழியில் சரியான பக்கம் பார்த்துச் செருகி, கைக்குட்டையைக் கடிக்கச் சொல்லி அழைத்துப் போங்கள். பயமாக இருந்தால் டீக்கடையிலோ வீட்டிலோ காய்ச்சாத பால் வாங்கி அதில் போட்டு எடுத்துப் போங்கள். வெறும் தண்ணீரில் ஊறவைக்க வேண்டாம், காகிதத்தில் மடித்து உலரவிடவும் வேண்டாம். அரைமணிக்குள் டாக்டர் கையில் சேர்ந்தால் நல்லது; ஒரு மணி நேரம் தாண்டினால் பிடிக்கும் வாய்ப்பு மளமளவென்று குறையும், ஆனாலும் பல்லைத் தூக்கி எறியாமல் கொண்டுபோங்கள். விழுந்தது பால் பல் என்றால் மட்டும் திரும்பச் செருகக் கூடாது. அடியில் வளர்ந்துகொண்டிருக்கும் நிலைப்பல்லின் முளையில் அது இடிக்கும்.